மேற்கே பார்த்து விழுந்தவன்

மைதானமே சிரித்தபோது ஏ மியாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் கூரை போட்ட கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சிரிப்பு அணைந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் வட்டாரத் தளபதி உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அதைக் கவனித்து வாயை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்து அவருக்குப் பக்கத்திலிருந்தவர் மூடினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேலரி முழுவதும் இழவு வீட்டு முகங்களாக ஆகிவிட்டது. ஏ மியாவும் சிரிப்பை விழுங்கினாள்.

சேற்றில் உட்கார்ந்திருந்தவன் பட்டாளக் கால்பந்து அணியின் ரைட் பேக், கேப்டன் தின் லாட். கைகள் இரண்டும் மேலே, கால்கள் இரண்டும் முன்னே, குளிப்பாட்ட உட்கார வைத்த பிள்ளை மாதிரி இருந்தான். அப்படி அவனை உட்கார வைத்தவன் ஏ மியாவின் புருஷன் கோ பா சேன்.

எங்கள் ஊர் மோல்மேன்காரர்கள் அவனை விலாங்கு என்பார்கள். பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் பர்மா ஆடிய நாட்களில் இடது ஓரம் அவனுடையது. வித்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தலைதெறிக்க ஓடிவருவான். சட்டென்று பந்தை உள்ளங்காலில் அமுக்கி நிறுத்துவான். கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, "என்ன?" என்று ஓரத்துக் கயிற்றுப் பக்கம் முகத்தைத் திருப்புவான். துரத்தி வந்தவன் நிற்க முடியாமல் போய்க்கொண்டே இருப்பான். எல்லாருக்கும் தெரிந்த வித்தை, ஆனாலும் எல்லாரும் ஏமாந்தார்கள். எதிராளி இடித்தால்கூட அவன் கீழே விழமாட்டான். விழுந்து ஃபவுல் கேட்பது பிச்சை எடுப்பது மாதிரி என்பான். இந்தத் திமிரும் ஊருக்குப் பிடித்திருந்தது.

இப்போது ரங்கூனை விட்டு வந்து சொந்த ஊர் அரிசி ஆலை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கால் இன்னும் சொன்னபடி கேட்டது. மழைக்கால ஆட்டங்களில், வழுக்கும் சேற்றில், அவனை ஜெயிக்க ஆள் இல்லை. அந்தக் காலை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. அதைவிட, அந்தக் கால் இல்லாவிட்டால் அவன் என்ன ஆவான் என்று ஏ மியாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தெருவில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் திங்கள் காலை டீக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. நம் ஊர்க்காரர்களின் வீரம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. கடைக்காரர் டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சிட்டு சட்டுனு கிளம்புங்கண்ணே. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

அன்று மத்தியானம் தெருமுனையில் பட்டாளத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போயிற்று. மறுநாளும் வந்தது. டிரைவருக்கு எங்கள் தெரு வெற்றிலைக் கடையின் பாக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, யார் கண்டது? ஏ மியா மட்டும் ஜன்னல் ஓரத்திலிருந்து அது போகும்வரை நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் ஊ தவுங் வந்தார். வாசலிலேயே நின்று குடையை மடக்காமல் பேசினார்.

"வர ஞாயித்துக்கிழமை திரும்பவும் ஆட்டம். அதே ரெண்டு டீம். பட்டாளத்துப் பெரியவர் ஆசைப்படறாராம்."

"யாரு சொன்னா?" என்றான் பா சேன்.

"யாரு சொல்லணுமோ அவங்கதான். நீ ஆடணும்னு பேரைக் குறிப்பிட்டே சொல்லியிருக்காங்க."

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் ஏ மியா.

"சொல்லலாம்மா. பட்டாளத்து டாக்டரை அனுப்பி வைப்பாங்க. அதுக்கு இது தேவலை." அவர் போகிற போக்கில் திரும்பி, "கால் பத்திரம்டா," என்றார். சாதாரணமாக ஆட்டத்துக்கு முன்னால் எல்லாப் பயிற்சியாளரும் சொல்வதுதான். ஆனால் அந்த வார்த்தை ஏ மியாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

போன வருஷம் அவர்கள் அணியின் கோல்கீப்பர் மாங் தூ ஏதோ விருந்தில் அதிகாரி ஒருவரைக் கிண்டல் செய்தான். பத்து நாள் கழித்து முழங்கால் நொறுங்கிச் சாக்கடையில் கிடந்தான். மோட்டார் சைக்கிள் இடித்தது என்றான். எந்த மோட்டார் சைக்கிள் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் சுருட்டு விற்கிறான். ஏ மியா அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தாள்.

புதன்கிழமை அவள் மலைக்கோயில் படிக்கட்டின் அடியில் இருந்த சயா என்று எல்லாரும் கூப்பிடும் சோதிடர் ஊ பன்னிடம் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுக்குப் பயம் வந்தால் போகிற இடம் அதுதான். படித்தவர்களும் போகிறார்கள், மந்திரி வீட்டுக்காரர்களும் போகிறார்கள்.

சயா பலகையில் கட்டம் போட்டுப் பார்த்தார்.

"வியாழக்கிழமை பிறந்தவன்?"

"ஆமா சயா."

"கெடுதல் இடுப்புக்குக் கீழதான் நிக்குது. நீ சொல்றது சரி. கால்தான்."

ஏ மியா அழுதுவிட்டாள். "அந்தக் காலு போனா அவரு உயிரோட இருக்க மாட்டாரு சயா. ஏதாச்சும் வழி சொல்லுங்க."

"ஏம்மா அழறே? யடயா பண்ணிட்டா தீந்துது."

யடயா என்பது வரப்போகிற பெரிய கெடுதலை நாமே முந்திக்கொண்டு சின்னதாக நடத்திக் கழித்துவிடுவது. வீடு எரியும் என்று கட்டத்தில் இருந்தால் காகித வீடு கட்டிக் கொளுத்துவார்கள். சிறை என்று இருந்தால் கையில் நூலைச் சுற்றிக்கொண்டு ஒரு பொழுது அறைக்குள் அடைந்து கிடப்பார்கள். விதி வந்து பார்த்துவிட்டு, இங்கே நம் வேலை முடிந்துவிட்டது என்று திரும்பிப் போய்விடும்.

"அவனை ஒருத்தன் கீழ தள்ளறதுக்கு முன்னாடி அவனே விழுந்துடணும்," என்றார் சயா. "யாரும் தொடக் கூடாது. முதல்ல பந்து வரப்பவே விழணும். போன வாரம் அந்த மனுஷன் எப்படி விழுந்தான்?"

ஏ மியா கையையும் காலையும் நீட்டிக் காட்டினாள்.

"அதே மாதிரி. அணுவளவும் மாறக் கூடாது. எது திரும்பி வருதோ அது வந்த வடிவத்துலயே கழியணும். வியாழக்கிழமைக்காரனுக்குத் திசை மேற்கு. மேற்கே பாத்து விழணும். அவ்வளவுதான், காலுக்கு ஒரு கீறல் வராது."

சயா வாழ்நாளில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தவர் இல்லை. மைதானத்தின் மேற்கே யார் உட்காருவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏ மியாவுக்குத் தெரியும். சாயங்கால வெயில் கண்ணில் படாமல் இருக்க, கூரை போட்ட கேலரியை மேற்கேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் பயத்தில் அவளுக்குத் திசை மட்டும்தான் நினைவில் நின்றது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் சொன்னபோது பா சேன் குதித்தான்.

"நான் தானா விழறதா? சின்னப் பசங்க காறித் துப்புவாங்கடி!"

"துப்பட்டும் கோ கோ," என்றாள் அவள், புருஷனை எப்போதும் கூப்பிடுவது போல. "துடைச்சுக்கலாம். கால் போனா என்ன பண்ணுவீங்க?"

"விலாங்கு வழுக்கி விழுந்துடுச்சுன்னு ஊரெல்லாம் பேசும். இத்தனை வருஷம் ஆடினதுக்கு அதுதான் மிச்சமா?"

"மாங் தூவைப் போயி பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுங்க."

அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் புது நாடா கோக்க ஆரம்பித்தான். நாடாவின் நுனி ஓட்டையில் நுழையவே இல்லை.  ஏ மியா பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"எனக்கும் பயமா இருக்கு ஏ மியா," என்றான் அவன், தெருவைப் பார்த்தபடியே. "அன்னைக்கு அந்தத் தளபதியோட முகத்தை நானும் பாத்தேன். சரி, விழறேன்."

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. அப்படியும் கூட்டம் நெரிந்தது. ஏ மியா கூரைக் கேலரியை ஒட்டிய பலகை வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தளபதி வந்தார். எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். கேப்டன் தின் லாட் ஓரத்தில் நின்று மூக்கிலிருந்து மழைத்தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தான். காலைத் தூக்கிச் சேற்றைத் தட்டியபோது அவன் பூட்ஸின் அடியில் இருந்த ஆணிகளை ஏ மியா பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

விசில் ஒலித்தது. பந்து இடது ஓரத்துக்கு வந்தது. பா சேன் அதை வாங்கிக்கொண்டு ஓடினான். தின் லாட் எதிரே வந்தான். இன்னும் நாலடி தூரம் இருக்கும்போதே பா சேன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி, கூரைக் கேலரியைப் பார்த்துத் தொப்பென்று உட்கார்ந்தான். கைகள் இரண்டும் மேலே போயின. கால்கள் இரண்டும் முன்னே நீண்டன. சேறு முகம் வரை தெறித்தது.

அவனை யாரும் தொடவில்லை. சயா சொன்னதில் அணுவும் மாறவில்லை. ஏ மியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழிந்தது, எல்லாம் கழிந்தது என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அப்போதுதான் சிரிப்பு எழுந்தது. முதலில் எதிர்ப்பக்கம், பிறகு நாலு பக்கமும். போன வாரச் சிரிப்பு இதற்குக் கால்தூசி பெறாது. ஜனங்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். அவளுக்கு முன்னால் இருந்த கிழவர் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"பாத்தீங்களாடா! கேப்டன் விழுந்த மாதிரியே விழுந்து காட்டறான்! அதுவும் பெரியவர் மூஞ்சிக்கு நேரா! அடேயப்பா, என்ன நெஞ்சுடா இவனுக்கு!"

ஏ மியாவின் கையிலிருந்து குடை நழுவியது. கிழவர் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.  எழுந்து நின்று, இல்லை, அப்படி இல்லை என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? பக்கத்தில் இருந்தவள் அவளும் கொண்டாடுகிறாள் என்று நினைத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

மைதானத்தில் பா சேன் இன்னும் எழவில்லை. சிரிப்பு எதற்கென்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கைகள் மேலேயே நின்றுவிட்டன, முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் சிரித்தது, என்னமாய் நடிக்கிறான் என்று.

கேப்டன் தின் லாட் கிட்டே போய்க் கைகொடுத்துத் தூக்கினான். தூக்கும்போது குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று வெகுநாள் கழித்துத்தான் பா சேன் அவளிடம் சொன்னான்.

"ஏண்டா இப்படிப் பண்ணே? போன வாரத்தை நானே மறந்துட்டேண்டா. அவரும் மறந்துட்டாரு. உன் ஆட்டத்தைப் பாக்கணும்னுதான் மறுபடி வச்சாரு. இனிமே நான் என்ன செய்ய முடியும்?"

சொல்லும்போது தின் லாட் கேலரிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

இடைவேளைக்குப் பிறகு அரிசி ஆலை அணி பத்துப் பேரோடு இறங்கியது. ஏ மியா உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். ஊ தவுங் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். பெஞ்சின் மேல் பா சேனின் உலர்ந்த சட்டை மடித்தபடி இருந்தது. ஜீப்பின் தடம் பின்வாசல் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. மழை அதை நிரப்பிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து விளக்குத் திருவிழாவும் போன பிறகுதான் அவன் வந்தான். நடந்தே வந்தான். ஏ மியா வாசலில் மண்டியிட்டு அவன் லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கி, இரண்டு கால்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. சயாவின் யடயா பலித்திருந்தது. காலைத் தவிர மற்றதையெல்லாம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்காருவது மட்டும் நின்றுபோயிற்று. யாராவது சத்தமாகச் சிரித்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

எந்த மைதானத்திலும் அவன் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அரிசி ஆலையில் வாசல் காக்கும் வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து ஆரவாரம் வீடு வரை கேட்கும். அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். லுங்கிக்குள் இடது கால் மட்டும் தானாக அசையும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஏ மியா சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஆனால் ஊர் அவனை விடவில்லை. அந்த விழுதல் மோல்மேனிலிருந்து பெகுவுக்கும் ரங்கூனுக்கும் போயிற்று. அவன் போட்ட கோல்களை மறந்தவர்கள்கூட அதை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கோல் போட்டதும் தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்த்துத் தொப்பென்று உட்கார்ந்தார்கள். சந்தையில் போலீஸ்காரன் அதட்டினால் கூலிக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அடி வாங்கினார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். பட்டாளத்தின் மூஞ்சிக்கு நேரே விழுந்து காட்டிய ஒரே மனுஷன் என்று டீக்கடைகளில் பேசினார்கள். இப்போது அவன் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை.

பா சேன் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் பயத்தால் சொல்லவில்லை. அப்புறம் கூச்சத்தால். உள்ளதைச் சொன்னால், பிறகு கொஞ்சம் ஆசையாலும்தான். ஏ மியாவுக்கோ ஒவ்வொரு புகழ்ச்சியும் தெருமுனை ஜீப்பின் சத்தமாகவே கேட்டது. எவனாவது ஒருவன் எங்கேயாவது விழுந்து காட்டி, அதற்கு இவனைப் பிடித்துப் போய்விடுவார்களோ என்று பதினைந்து வருஷம் பயந்துகொண்டே சோறு வடித்தாள்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. ரங்கூனில் மாணவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள் என்றார்கள். பட்டாளம் சுட்டது என்றார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு காலைப்பொழுதில் கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து அவர்கள் வாசலில் நின்றார்கள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்திதான், பா சேனை ஊலே என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசினாள்.

"ஊலே, இன்னைக்கு நம்ம ஊர்வலம். நீங்க முன்னால நடக்கணும். நீங்க வந்தா ஆலைக்காரங்க எல்லாரும் வந்துடுவாங்க."

ஏ மியா பதறிக்கொண்டு வாசலை மறித்தாள். "அவருக்கு உடம்பு முடியலைம்மா. போயிடுங்க. உங்களைக் கும்பிடறேன்."

"பயப்படாதீங்க அத்தை. அப்பவே பெரியவர் முன்னால விழுந்து காட்டினவரு ஊலே..."

"அது தைரியம் இல்லைம்மா!" அவளை மீறி வந்துவிட்டது. "அது யடயா. நான்தான் சயாகிட்ட ஓடினேன். காலை உடைச்சிடுவாங்கன்னு பயந்து விழுந்தாரு. மேற்கே பாத்து விழச் சொன்னாங்க, விழுந்தாரு. அவ்வளவுதான். கிண்டலும் இல்ல, வீரமும் இல்ல. எங்களை விட்டுடுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். அவர்கள் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்ற ஒரு மனைவி சொல்லும் பொய் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

பா சேன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அவ சொல்றது நிஜம்," என்றான். "நான் பயத்துல விழுந்தவன். தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடறதா இருந்தா வரேன்."

கண்ணாடிக்காரப் பெண் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாள். "எங்களுக்கும் காலையிலேர்ந்து பயம்தான் ஊலே. எங்க அம்மாவுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன்."

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டான். பொத்தான் துளையில் நுழையவில்லை.  ஏ மியா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். பொத்தான் போட்டுவிடுவதற்காக அல்ல, நிறுத்துவதற்காக.

"கோ கோ, உங்களுக்குப் பயமா இல்லையா? பாருங்க, கையெல்லாம் எப்படி நடுங்குது!"

"இருக்கு. அன்னைக்கும் இருந்துது. அன்னைக்கு உன் பேச்சைக் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான், கோபமில்லாமல். அவள் பிடி தானாக விட்டுப்போயிற்று. பொத்தான் போடாத சட்டையோடு அவன் படியிறங்கினான். பிள்ளைகள் வழிவிட்டார்கள், பிறகு அவனைச் சுற்றிக்கொண்டார்கள். தெருமுனையில் பட்டாளத்து லாரி ஒன்று குறுக்கே நின்றிருந்தது. அவர்கள் அதை நோக்கித்தான் நடந்தார்கள்.

ஏ மியா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தூரத்தில் அத்தனை கால்களுக்கு நடுவிலும் அவன் கால்கள் தனியாகத் தெரிந்தன. கொஞ்சம்கூட வயதாகாத கால்கள், ஒரு கீறல் இல்லாத கால்கள். சேற்றில் வழுக்காமல், தடுமாறாமல், லாரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை அவள்தான் காப்பாற்றி வைத்திருந்தாள்.